என் வழக்கை வக்கீலிடம் விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்

2021 ஐப்பசி மாதம், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தோட்டத்துக்கும் சித்தப்பா மகன் தோட்டத்துக்கும் நடுவில் கிணற்றுக்குப் போகிற வண்டிப்பாதை ஒன்று உண்டு. அதில் பாதியை மறித்து அவன் கல் ஊன்றியிருந்தான். கேட்கப் போனேன், பேச்சு முற்றியது. செத்துப்போன என் அப்பாவை இழுத்து அவன் ஒரு வார்த்தை சொன்னான். நான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். வரப்பு ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தான், முழங்கையில் சிராய்ப்பு. பங்காளிச் சண்டைதானே, காலையில் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

அவன் படுக்கவில்லை. அன்று ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அட்மிட் ஆகிவிட்டான். அடிதடி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்பார்கள். அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கும், எஃப்.ஐ.ஆர். ஆகும். மறுநாள் மதியத்துக்குள் என் மேல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2) என்று மூன்று பிரிவுகளில் வழக்கு. அசிங்கமாகத் திட்டியது, அடித்தது, கொலை மிரட்டல் விட்டது. கையில் அரிவாள் வைத்திருந்தேன் என்றும் எழுதியிருந்தது. என் கையில் ஒரு குச்சிகூட இல்லை. இதே பிரிவுகள் 2024 ஜூலை 1-க்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 296(பி), 115(2), 351(3) என்று மாறிவிட்டன. எண்தான் வேறு, ஊர்ச் சண்டைகளில் இன்றைக்கும் இந்த மூன்றும் சேர்ந்தேதான் வருகின்றன.

திங்கள்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார்கள். தனியாகப் போனேன். எழுத்தில் ஏதாவது நோட்டீஸ் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை, எஃப்.ஐ.ஆர். நம்பர்கூடக் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் இரண்டு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நடுக்கத்தில் படிக்காமல் போட்டேன். போலீஸ் விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் நமக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. இதெல்லாம் எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தால், "வக்கீலைப் பார்த்துட்டு நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லியிருப்பேன். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள பிரிவுகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, முதலில் விசாரணைக்கு வரச் சொல்லும் 41ஏ நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பது 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 35(3) நோட்டீஸ். வந்தால் பயப்படாமல் வாங்கிக்கொண்டு, சொன்ன தேதியில் கட்டாயம் போக வேண்டும். நோட்டீஸுக்குப் போகாமல் இருப்பதுதான் கைதுக்குக் காரணமாகும்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது மணி ஒன்பதரை. எதிரே இருந்த டீக்கடையில் ஒருவர் தானாகவே வந்து பேசினார். "நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்கார், உள்ளேயும் பேசிடுவார், நாளைக்கே முடிச்சுடலாம்" என்றார். அந்த நேரத்தில் அது கடவுள் அனுப்பிய ஆள் மாதிரி இருந்தது. மறுநாள் காலை மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து 40,000 ரூபாய் கொடுத்தேன். முன்ஜாமீனுக்கு 25,000, "மற்ற செலவுக்கு" 15,000. ரசீது இல்லை. அந்த 15,000 யாருக்குப் போனது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அச்சகத்தில் கணக்கு எழுதி மாதம் 17,000 ரூபாய் சம்பாதிக்கிறவன் நான். நீங்கள் இந்த நிலையில் இருந்தால் அந்த ஒரு ராத்திரி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலில் ஆள் பிடிக்கிறவர் மூலமாக வக்கீல் வைக்காதீர்கள். ஆள் விட்டு வழக்குப் பிடிப்பதை பார் கவுன்சில் விதியே தடை செய்கிறது, அப்படி வருகிறவரிடம் நம் பிடிமானம் முதல் நாளே போய்விடுகிறது. தாலுகா கோர்ட்டுக்கு ஒரு நாள் காலையில் போய், கிரிமினல் கோர்ட்டில் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். யார் கேஸ் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் எழுந்ததுமே வாய்தா கேட்கிறார் என்பது நமக்கே தெரியும். கையில் பணமே இல்லை என்றால் அதே வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

அந்த வக்கீல் என்னிடம் பேசியது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். "அடிச்சீங்களா?" என்றார். "தொடவே இல்ல சார்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பொய்யோடுதான் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் முன்ஜாமீன் மனு போனது. பன்னிரண்டு நாள் ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் ஒளிந்திருந்தேன். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும். சின்ன மகள் போனில் "எப்பப்பா வருவீங்க" என்று கேட்டால் பதில் வராது. முன்ஜாமீன் கிடைத்தது. பதினைந்து நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி, பத்தாயிரம் ரூபாய்க்கு பாண்டு, அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர், அப்புறம் இரண்டு வாரம் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. இந்த நிபந்தனைகளை வாயால் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள், உத்தரவின் நகலை வாங்கி ஒவ்வொரு வரியையும் படியுங்கள். பதினைந்து நாள் கடந்துவிட்டால் வாங்கிய முன்ஜாமீனைப் பயன்படுத்த முடியாமல் போய்விடும். கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர்கள் கிடைப்பார்கள், என்னிடமும் ஒருவர் கேட்டார். மாமா திட்டி விரட்டிவிட்டு, தானும் அச்சகத்தில் என்னோடு வேலை பார்க்கும் அண்ணனுமாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். போலி ஜாமீன்தாரர் என்று தெரிந்தால் அது தனி வழக்காகும்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்து வருத்தப்படுகிறேன். ஜாமீன் கிடைத்ததும் வழக்கே முடிந்த மாதிரி நினைத்துக்கொண்டேன். 2022 நடுவில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, கோர்ட்டில் சி.சி. நம்பர் என்கிற வழக்கு எண் ஆனது. மாதத்துக்கு ஒரு வாய்தா. காலை பத்தரைக்குப் போய் வராந்தாவில் நிற்பேன், டவாலி பேர் சொல்லிக் கூப்பிடுவார், கூண்டில் ஏறிக் கும்பிடுவேன், அடுத்த தேதி சொல்வார்கள். ஜூனியர் பையனிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வருவேன். பதினோரு வாய்தாவுக்குப் பதினோராயிரம் கொடுத்திருக்கிறேன். இந்த வழக்கில் என்ன நடக்கிறது, அடுத்த கட்டம் என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். டாக்டரிடம் கேட்கப் பயப்படுகிற மாதிரிதான் இதுவும்.

2023 ஆகஸ்டில் மகளுக்கு டெங்கு காய்ச்சல். ஜூனியருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். "வர வேண்டாம்ணே, 317 போட்டுடறோம்" என்று பதில் வந்தது. அன்று ஒரு நாள் ஆஜராக முடியவில்லை என்று காரணம் சொல்லிப் போடுகிற மனு அது, பழைய சட்டத்தின் பிரிவு எண்ணாலேயே இன்னும் அதைக் கூப்பிடுகிறார்கள். மனுவைப் போடவில்லை. அன்று கோர்ட்டில் என் பேரை மூன்று முறை கூப்பிட்டு, ஆள் இல்லை என்று பிடிவாரண்ட் பிறப்பித்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்து, காலை ஆறு மணிக்கு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். மகள் யூனிஃபார்ம் போட்டு, ஒரு பக்கம் மட்டும் ஜடை பின்னின தலையோடு வந்து கதவருகில் நின்றாள். பின்னிக்கொண்டிருந்த ரிப்பன் அவள் அம்மா கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வக்கீலின் போன் அணைக்கப்பட்டிருந்தது. என் மனைவிதான் அக்கம்பக்கம் விசாரித்து வேறொரு வக்கீலைப் பிடித்தாள். ஐம்பது வயது தாண்டிய அம்மா, பெரிய ஆபீஸ் எல்லாம் கிடையாது, வீட்டு முன்னறைதான். மாஜிஸ்திரேட் முன் அவர் வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போட்டார். மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டையும், ஜூனியர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பிரிண்ட் எடுத்தும் இணைத்தார். மதியம் வரை கூண்டிலேயே நின்றேன். வாரண்ட் ரத்தானது. வெளியே வந்ததும் அவர் முதலில் செய்த காரியம், என் போனை வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்பைப் போட்டு, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணில் என்னுடையதைச் சேர்த்துக் கொடுத்தது. "தம்பி, அடுத்த தேதி என்னன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல. தினமும் ராத்திரி ஒரு தடவை பாருங்க" என்றார். இலவச ஆப். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கடைசித் தேதியில் என்ன நடந்தது எல்லாம் அதில் வரும். அதைப் பார்த்திருந்தால் வாரண்ட் போட்டது எனக்கு ஒன்றிரண்டு நாளில் தெரிந்து, நானே போய் ஆஜராகியிருப்பேன். மகள் அதைப் பார்த்திருக்க மாட்டாள்.

பழைய வக்கீலிடமிருந்து கேஸ் கட்டை வாங்கப் பயந்தேன். பாக்கிப் பணம் கொடுத்தால்தான் தருவேன் என்றார்கள். ஃபீஸ் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று 2000-ஆம் வருடமே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிய வக்கீல் ஒரு போன் செய்ததும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டு, கட்டும் கொடுத்துவிட்டார்கள். அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே நாற்பத்தாறு பக்கம். எஃப்.ஐ.ஆர்., சாட்சிகளின் வாக்குமூலம், காயச் சான்று, எல்லாம் கோர்ட் எனக்காக இலவசமாகக் கொடுத்த நகல்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த ஆபீஸ் பீரோவில் யாரும் படிக்காமல் கிடந்திருக்கின்றன. எஃப்.ஐ.ஆரையாவது நான் முதல் வாரமே பார்த்திருக்கலாம். பாலியல் குற்றம் போன்ற சில வகைகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உத்தரவு இருக்கிறது.

அந்த நாற்பத்தாறு பக்கத்தையும் அவர் என்னையே வாசிக்கச் சொன்னார். பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாசித்தேன். சம்பவத்தைப் பார்த்ததாகச் சொன்ன ஒரு சாட்சி அன்றைக்குத் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தவர். காயச் சான்றில் சாதாரணக் காயம் என்றுதான் இருந்தது. கூர்மையான ஆயுதம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இதையெல்லாம் எங்கள் ஊரைத் தெரிந்த நான்தான் கண்டுபிடிக்க முடியும், எவ்வளவு கெட்டிக்கார வக்கீலாக இருந்தாலும் அவருக்குத் தெரிய வழியில்லை.

அதன் பிறகு அவர் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "கை வச்சீங்களா, இல்லையா?" நான் பழைய பதிலையே சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார். "நீங்க எங்கிட்ட சொல்றதை உங்க சம்மதம் இல்லாம நான் வெளியில சொல்ல முடியாது, சட்டமே அப்படித்தான். இனிமே ஒரு தப்பு செய்ய என்னை உதவிக்குக் கூப்பிட்டாத்தான் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நடந்து முடிஞ்சதைச் சொல்றதுக்கு என்ன?" அப்போதுதான் வாய் திறந்தேன். தள்ளியதைச் சொன்னேன். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாத இன்னொன்றையும் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்துப் பையன், அப்போது ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு நடந்ததை போனில் வீடியோ எடுத்திருந்தான். நான் தள்ளியது அதில் இருக்கிறதே என்ற பயத்தில், அன்று ராத்திரியே அவனைக் கூப்பிட்டு அழித்துவிடச் சொல்லிவிட்டேன். இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சாட்சியத்தை அழிக்கச் சொல்வதே தனிக் குற்றம் என்று அவர் விளக்கியபோது உடம்பு சில்லிட்டது.

பையன் அழிக்கவில்லை. அண்ணன் பயத்தில் சொல்கிறார் என்று நினைத்து வைத்திருந்தானாம். ஒரு நிமிடம் இருபது விநாடி. நான் தள்ளுவது தெரிகிறது. என் இரண்டு கையும் வெறும் கையாக இருப்பதும் தெரிகிறது. சித்தப்பா மகன் விழுந்ததும் நானே குனிந்து கை கொடுக்கப் போனதும், அவன் தட்டிவிட்டதும் அதில் இருந்தது. அது எனக்கே நினைவில்லை. அரிவாள் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. கொலை மிரட்டலுக்கான 506(2) என்ற ஒரு பிரிவை வைத்துத்தான் நான் முன்ஜாமீனுக்கு அலைந்தது, சங்கிலியை அடகு வைத்தது, அக்கா வீட்டில் ஒளிந்தது எல்லாம். இந்த வீடியோவை முதல் வாரமே வக்கீல் கையில் கொடுத்திருந்தால் முன்ஜாமீன் மனுவோடேயே காட்டியிருக்கலாம். என்னைக் காப்பாற்றுகிற ஒன்றை, என்னைச் சிக்க வைக்கும் என்று நினைத்து நானே மறைத்திருக்கிறேன். எது நமக்குச் சாதகம், எது பாதகம் என்று தீர்மானிக்கிற நிதானம் அந்த நேரத்தில் நமக்கு இருக்காது, எல்லாவற்றையும் வக்கீலிடம் கொட்டிவிடுங்கள். இப்படி வீடியோ இருந்தால் வாட்ஸ்அப்பில் பலருக்கும் அனுப்பிக்கொண்டிருக்காமல், எடுத்த போனை அப்படியே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். கோர்ட்டில் அது செல்லுபடியாக வேண்டுமானால் சான்றிதழ் ஒன்று வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து முன்பு 65பி என்பார்கள். அதை எப்படித் தயார் செய்வது என்று வக்கீல் சொல்வார்.

ஃபீஸ் விஷயத்திலும் அந்த அம்மா வேறு மாதிரி. ரீகாலுக்கு 5,000, விசாரணைக் கட்டம் வரை 10,000, உயர்நீதிமன்றம் போக வேண்டி வந்தால் அங்கே உள்ள வக்கீலுக்கும் சேர்த்து 25,000 என்று ஒரு தாளில் எழுதி, கொடுக்கக் கொடுக்க தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார். விடுதலை வாங்கித் தந்தால் இவ்வளவு என்று யாராவது பேசினால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவது விதிப்படியே தப்பு. "கண்டிப்பா விடுதலைதான்" என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்கு ஆரம்பத்தில் அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. மொத்தக் கணக்குப் பார்த்தால் பழைய இடத்தில் 51,000, இங்கே 40,000. சம்பளம் போன நாட்கள் இருபத்து மூன்று. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 2023-இல் மைத்துனர் கத்தாரில் ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்து வைத்திருந்தார். என் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. வழக்கு நிலுவையில் இருந்தால் கோர்ட்டில் அனுமதி வாங்கித்தான் புதுப்பிக்க முடியும். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாததால் அந்த வேலை கைவிட்டுப் போனது.

வீடியோவை அவர் நேரே எதிர்த்தரப்பு மேல் வீசவில்லை. ஊர்ப் பெரியவர் இரண்டு பேரை வைத்துப் பேச ஏற்பாடு செய்தார். "நீங்க தனியா போய்ப் பேசாதீங்க, சாட்சியைக் கலைச்சதா ஜாமீனுக்கே வினையாகும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். நான் தள்ளியது தப்பு என்று சித்தி முன்னால் சொன்னேன். அவன் தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பாதையை சர்வேயரை வைத்து அளப்பது என்று முடிவானது. ஆனால் 294(பி) இருக்கிற வழக்கை, இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டோம் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. உயர்நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்டு மனுப் போட வேண்டும். இப்படிப்பட்ட தனிப்பட்ட சண்டைகளில் சமாதானத்தை ஏற்று ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துத்தான் இது நடக்கிறது.

2025 பிப்ரவரியில் ஒரே பஸ்ஸில் மதுரைக்குப் போனோம், வேறு வேறு சீட்டில். கோர்ட்டில் இரண்டு பேரும் ஆதார் அட்டையோடு நின்றோம், ஸ்டேஷனிலிருந்து வந்தவர் இன்னார்தான் என்று அடையாளம் சொன்னார். நீதிபதி அவனிடம் தமிழிலேயே, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். "இல்லைங்கய்யா, அண்ணன்தான்" என்றான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கு ரத்து.

அத்தோடு நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடாதீர்கள் என்று அந்த அம்மா சொன்னதைக் கடைசியாகச் சொல்லிவிடுகிறேன். உத்தரவின் சான்றிட்ட நகலை நாலைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கொடுத்து வழக்கு முடிந்ததாகப் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றை ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையோடு கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ் பதிவில் நிலுவை என்றே நிற்கும். நான் போன அன்று பதிவேடு எழுதும் ரைட்டர் சாப்பிடப் போயிருந்தார், ஒரு மணி நேரம் காத்திருந்து வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஜூன் மாதம் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கம்ப்யூட்டரில் பழைய வழக்கு காட்டுவதாகச் சொன்னார். பீரோவில் பட்டாவோடு வைத்திருந்த அந்த முத்திரைத் தாளை எடுத்துக் கொடுத்தேன். போனில் படம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.